முதல் பட்டதாரி: ஒரு சான்றிதழுக்குப் பின்னால் உள்ள வரலாறு

பிளஸ் டூ முடிவுகள் வந்த சில நாட்களில் இ-சேவை மையங்களில் கூட்டம் கூடிவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றோடு நம் பிள்ளைகள் இன்னொன்றுக்கும் விண்ணப்பிப்பார்கள்: முதல் பட்டதாரி சான்றிதழ். குடும்பத்தில் வேறு எவரும் பட்டம் பெறவில்லை என்று வருவாய்த் துறை எழுதித் தரும் தாள் அது. தொழிற்கல்விப் படிப்புகளில் ஒற்றைச் சாளர முறையில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2010இல் தமிழக அரசு அறிவித்ததிலிருந்து இந்தச் சான்றிதழ் புழக்கத்தில் இருக்கிறது.

அதற்கான விண்ணப்பத்தில் அப்பா என்ன படித்தார், அம்மா என்ன படித்தார், கூடப் பிறந்தவர்கள் என்ன படித்தார்கள் என்று கேட்பார்கள். அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டி, அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டி வரைக்கும் கேட்பார்கள். அதோடு கட்டங்கள் முடிந்துவிடும். தாத்தாவின் அப்பா ஏன் படிக்கவில்லை, அவருடைய அப்பா எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தப்பட்டார் என்றெல்லாம் எந்தப் படிவமும் கேட்பதில்லை. அரசு கேட்காத அந்தக் கேள்விகளை நாம் கேட்டுப் பார்ப்போம். "பி.ஏ. படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்று ஊரும் உறவும் கேட்கும் கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

பிறப்பால் வந்த பட்டமும் தேர்வால் வந்த பட்டமும்

'பட்டம்' தமிழில் பழைய சொல். அரசனுக்குப் பட்டம் கட்டினார்கள். அவனைச் சுமந்த யானை பட்டத்து யானை. தொண்டைமான்கள் ஆண்ட நம் புதுக்கோட்டைச் சீமையில் சாதிக்குச் சாதி, கிளைக்குக் கிளை பட்டப்பெயர்கள் உண்டு. அந்தப் பட்டத்தைப் பெற யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பிறந்தால் போதும். பட்டம் இல்லாமல் பிறந்தவர் எவ்வளவு உழைத்தாலும் அது கிடைக்காது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது இந்தச் சொல்லுக்குப் புதுப் பொருள் வந்தது. தேர்வு எழுதித் தேறியவருக்கு ஒரு பட்டம். அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. பின்னாளில் பழந்தமிழ் நூல்களை ஏட்டுச்சுவடிகளிலிருந்து எடுத்து அச்சில் ஏற்றியவர் அவர்தான். கொள்கை அளவில் இது பெரிய மாற்றம். விடைத்தாளுக்குக் குலம் கிடையாது, எவர் எழுதினாலும் மதிப்பெண் ஒன்றுதான்.

நடைமுறையில் அப்படி நடக்கவில்லை. விடைத்தாளுக்குக் குலம் இல்லாவிட்டாலும் தேர்வு அறைக்குப் போகும் வழி முழுக்கக் குலம் இருந்தது. திண்ணைப் பள்ளி, ஊர்ப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, விடுதி, கட்டணம், ஆங்கிலம் என்று அத்தனை படியிலும் ஒருவர் நின்று "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். விளைவை எண்களில் பார்க்கலாம். 1901 முதல் 1911 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பார்ப்பனர்கள் 4,074 பேர், பார்ப்பனர் அல்லாத இந்துக்கள் 1,035 பேர். மாகாண மக்கள் தொகையில் நூற்றுக்கு மூன்று பேராக இருந்தவர்களின் கணக்குதான் முதலாவது. நீதிக்கட்சி வரலாற்றைப் பேசும்போதெல்லாம் இந்த எண்களைச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கில் பறையர், பள்ளர், அருந்ததியர் என்று ஒரு தனி வரி கிடையாது. எண்ணத் தேவையில்லை என்ற நிலையில் நாம் இருந்தோம்.

சமஸ்தானத்துக் கல்லூரி

புதுக்கோட்டை அப்போது சென்னை மாகாணத்தின் பகுதி அல்ல, பிரிட்டிஷாரின் மேற்பார்வையில் இருந்த தனிச் சமஸ்தானம். 1878 முதல் 1894 வரை இங்கே திவானாக இருந்தவர் சேஷையா சாஸ்திரி. நகரத்தின் நேர்த்தியான வீதிகளைப் பற்றிப் பேசும் எவரும் அவரைச் சொல்லாமல் விடுவதில்லை. அவர் காலத்தில், 1880இல், மன்னர் கல்லூரி வந்தது. சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் போகாமல் சொந்த ஊரிலேயே கல்லூரிப் படிப்பு என்பது அன்றைக்கு ஒரு சிறு சமஸ்தானத்துக்குப் பெரிய சாதனை. வரியும் நிலத்தீர்வையும் சேர்ந்துதான் சமஸ்தானத்துக் கருவூலம். அந்த நிலத்தில் உழுதவர்களும் நாற்று நட்டவர்களும் ஏரிக்கரை போட்டவர்களும் யார் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கல்லூரியின் கதவு எப்படித் திறந்தது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அங்கே சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்ணா என்பது ஒன்று. தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பது மற்றொன்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளி அனுமதி தந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி 1912இல் மருத்துவரானார். பிறகு சட்ட மேலவைக்குப் போனார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். நம் மாவட்டம் பெருமைப்பட வேண்டிய வரலாறு இது.

பெருமைப்படும்போதே ஒரு கேள்வியையும் வைத்துக்கொள்வோம். முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி அய்யர் அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அவ்வளவு இருந்தும் ஒரு மன்னரின் ஆணை தேவைப்பட்டது. தந்தை பண்ணையில் ஆளாக இருந்த ஒரு சேரிப் பெண்ணின் மனு எந்த வழியாக அரண்மனைக்குப் போயிருக்கும்? அந்த மனுவை எழுதித் தரக்கூடிய எழுத்தறிந்த ஒருவர் சேரியில் இருந்திருப்பாரா? தனி ஒருவருக்கு மன்னர் கருணை காட்டலாம். ஒரு மக்கள் கூட்டத்துக்குக் கதவு திறக்கக் கருணை போதாது, உரிமை வேண்டும்.

நம் முன்னோர் கேட்டது

மாகாணத்தில் அந்த உரிமைக்கான குரல் அதற்கு முன்பே எழுந்துவிட்டது. 1893இல் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவர் செய்த ஒரு வேலையை இன்றைய மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு நியாயமான கோரிக்கைதான். ரெட்டமலை சீனிவாசன் அதை எதிர்த்து 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கிப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தேர்வு இங்கே நடந்தால் தேறி வருபவர்கள் எல்லோரும் சாதி இந்துக்களாகவே இருப்பார்கள், அவர்களே நம்மை ஆளும் அதிகாரிகளாக வருவார்கள் என்பது அவர் வாதம். இதை வெள்ளைக்கார விசுவாசம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். நமக்கு இது வேறு மாதிரி படுகிறது. பட்டம் என்பது அறிவின் அடையாளம் மட்டுமல்ல, யார் யாரை ஆள்வது என்பதைத் தீர்மானிக்கும் கருவியும்கூட. அதை இவ்வளவு முன்னதாகப் புரிந்துகொண்டவர் நம்மவர்.

1894 முதல் சென்னையில் ஆல்காட்டின் பஞ்சமர் பள்ளிகள் நடந்தன. 1907இல் அயோத்திதாசர் இதழ் தொடங்கினார், அது பின்னர் 'தமிழன்' என்று பெயர் பெற்றது. எம்.சி. ராஜா ஆசிரியராக இருந்து, பாடநூல்கள் எழுதி, சட்ட மேலவைக்குப் போனார். தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகள்தான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடி. இவை எல்லாம் மாகாணத்தில் நடந்தவை. 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை புதுக்கோட்டை மக்கள் வேறு அரசின் குடிகள். வரைபடத்தில் திருச்சிக்கும் தஞ்சைக்கும் நடுவே இருந்தோம், மாகாணத்து அரசாணைகளுக்கு வெளியே இருந்தோம்.

முத்துலட்சுமி மருத்துவரான அதே 1912இல் பம்பாயில் ஒருவர் பி.ஏ. தேறினார். பீமராவ் அம்பேத்கர். அங்கிருந்து கொலம்பியா, லண்டன் என்று போனார். 1917இல் பரோடா அரசில் பணியேற்கத் திரும்பியபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பெயரை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்த மனிதருக்கு அந்த ஊரில் இரவு தங்க இடமில்லை. பட்டம் சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புபவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு அம்பேத்கர் படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. இன்னும் அதிகம் கேட்டார். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான பின் லின்லித்கோவிடம் வாதாடினார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் ஆண்டுதோறும் தலா 3 லட்சம் தரும் அரசு பட்டியல் சாதியினருக்கு ஏன் தரக்கூடாது என்று கேட்டார். எழுத்தர்கள் உருவானால் மட்டும் போதாது, அதிகாரத்தின் உச்சியில் உட்கார்ந்து கண்காணிக்கக்கூடியவர்கள் நம்மில் உருவாக வேண்டும் என்பது அவர் நோக்கம். மாணவர்களை வெளிநாட்டுக்கும் படிக்க அனுப்ப வைத்தார். 1944இல் தொடங்கிய மேல்நிலைக் கல்வி உதவித்தொகை அந்தப் போராட்டத்தின் பிள்ளை. இன்று நீங்கள் இணையத்தில் விண்ணப்பிக்கிற அதே போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்தான். யாரோ போட்ட பிச்சை என்று எவராவது சொன்னால் இந்த ஆண்டை அவருக்குச் சொல்லுங்கள்.

14இல் 2

சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையின்படி தொழிற்கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, அரிஜனங்கள் என்று அன்று குறிக்கப்பட்ட நமக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. அரசியல் சட்டம் வந்த சூட்டோடு இதை எதிர்த்து வழக்குப் போட்டவர் செண்பகம் துரைராஜன். மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை என்பது வழக்கிலேயே வெளிவந்தது. ஆனாலும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. தமிழகம் கொந்தளித்தது. அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது. நம் பிள்ளைகள் இன்று கல்லூரியில் சேரும் வழியின் சட்ட அடித்தளம் அதுதான்.

அந்தக் காலத்தில் பட்டத்துக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. சட்ட மேலவையில் பட்டதாரிகளுக்குத் தனித் தொகுதி. பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களைப் பட்டதாரிகள் தேர்ந்தெடுத்தார்கள். வயது வந்த எல்லோருக்கும் ஒரு வாக்கு என்று குடியரசு அறிவித்த பிறகும் பட்டதாரிக்கு மட்டும் மேலவைக்கு இன்னொரு வாக்கு இருந்தது. தமிழ்நாட்டில் 1986இல் மேலவை கலைக்கப்படும்வரை இது நீடித்தது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இன்னும் இருக்கிறது. சேரியில் பட்டதாரியே இல்லாத காலத்தில் இந்த இரண்டாவது வாக்கு யார் கையில் இருந்திருக்கும்? பட்டம் என்றால் வேலை என்று மட்டும் நினைக்கிற நாம் இதை மறந்துவிடுகிறோம்.

சாதிப் பட்டத்தைத் துறந்த இடத்திலும் கல்விப் பட்டம் வந்து உட்கார்ந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தலைவர்கள் பெயருக்குப் பின்னாலிருந்த சாதியை வெட்டி எறிந்தார்கள். அந்த வெற்றிடத்தில் பி.ஏ., பி.எல். என்ற எழுத்துகள் ஏறின. இன்றும் நம் காலனியில் ஒட்டும் திருமண அழைப்பிதழைப் பாருங்கள். மணமகள் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று அச்சடிக்க அந்தக் குடும்பம் எவ்வளவு ஆசைப்படுகிறது! அதைக் கேலி செய்பவர்களுக்கு அந்த எழுத்துகளின் எடை தெரியாது. எந்தப் பட்டப்பெயரும் சொல்ல அனுமதிக்கப்படாத குடும்பம் தானே சம்பாதித்து வைத்துக்கொண்ட பட்டம் அது.

கைநாட்டிலிருந்து கல்லூரிக்கு

1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வீச்சோடு நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். குவாரிகளில் கல் உடைத்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள் இரவில் அரிக்கேன் விளக்கடியில் எழுத்துக் கற்றார்கள். பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். பெண் சைக்கிள் ஓட்டுவதைக் கிண்டலடித்த ஊர்களில் அவர்கள் கூட்டமாக ஓட்டிப் போனார்கள். எழுத்தும் சைக்கிளும் ஒன்றாக வந்தது தற்செயல் இல்லை. இரண்டுமே இன்னொருவர் தயவில்லாமல் ஓர் இடத்துக்குப் போக உதவுபவை. அன்று கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்த பெண்கள்தான் பின்னாளில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பத் துணிந்த அம்மாக்கள்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் 2011 முதல் பட்டதாரி மணமகளுக்கு 50,000 ரூபாயும் பத்தாவது படித்தவருக்கு 25,000 ரூபாயும், அதோடு தாலிக்குத் தங்கமும் தந்தார்கள். பெண்கள் படிப்பைத் தொடர இது உதவியது உண்மை. ஆனால் பட்டத்தின் பலன் கல்யாண மேடையில்தான் கைக்கு வந்தது. 2022 செப்டம்பரில் அதையே 'புதுமைப் பெண்' திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்குப் படிக்கும் காலத்திலேயே மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். தேவதாசி ஒழிப்புக்குப் போராடிய அம்மையாரின் பெயருக்கு இதுதான் பொருத்தம்.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் இருப்பவர்களில் நூற்றுக்கு 47 பேர் உயர்கல்வியில் சேர்கிறார்கள் என்று 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்வி ஆய்வு சொல்கிறது. இந்திய சராசரி 28.4. இந்திய அளவில் பட்டியல் சாதியினருக்கு 25.9. இந்தத் தொலைவை நாம் ஓரிரு தலைமுறையில் நடந்து வந்திருக்கிறோம்.

மதிப்புக் குறைந்துவிட்டதா?

சரியாக இந்த நேரத்தில்தான் "டிகிரிக்கு இப்போ மதிப்பே இல்ல" என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. அதில் ஒரு பாதி உண்மை, அதை மறைக்க வேண்டாம். 2019இல் தமிழகச் சட்டமன்றச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு 4,607 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பொறியியல் படித்தவர்களும் எம்.பி.ஏ. முடித்தவர்களும் இருந்தார்கள். பட்டம் வாங்கிவிட்டுத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் உடலுழைப்புக்குப் போகும் தம்பிகளை நாம் அன்றாடம் பார்க்கிறோம். வேலை கொடுக்காத அரசியலின் குற்றம் அது. நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களும், நிரந்தரப் பணியை ஒப்பந்தப் பணியாக்கும் கொள்கையும், இடஒதுக்கீடு இல்லாத தனியார் துறையும் சேர்ந்து செய்யும் குற்றம். தண்டனை மட்டும் பட்டத்தின் மீது விழுகிறது.

மறுபாதி சூழ்ச்சி. 4,074 பேர் பட்டம் பெற்ற காலத்தில் யாரும் பட்டத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. சேரியிலிருந்து பிள்ளைகள் வந்து வகுப்பறையில் உட்கார்ந்த பிறகுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டார்களா என்று பாருங்கள்.

பட்டத்துக்குச் சம்பளத்தில் அளக்க முடியாத பயன் ஒன்று உண்டு. அதை வேங்கைவயல் நமக்குக் காட்டியது. 2022 டிசம்பரில் அங்கே நம் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. ஈராண்டு கழித்து, 2025 ஜனவரியில், அந்தத் தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஊர் மக்களும் கட்சிகளும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களும் பட்டியல் சாதியினர் என்பதால் வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது. இந்த ஒரு மாற்றத்தின் பொருள் என்ன, வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்குத் தரும் உரிமைகள் என்ன, அவை எப்போது கைநழுவும் என்பதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெருவில் ஆள் வேண்டும். வெளியூரிலிருந்து வரும் வழக்கறிஞர் போன பிறகும் இரவில் உட்கார்ந்து குற்றப்பத்திரிகையை மக்களுக்கு வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். பட்டம் தொட்டியைக் காக்காது. தொட்டிக்காக நடக்கும் போராட்டம் பட்டம் படித்தவர்கள் இல்லாமல் நெடுநாள் தாங்காது.

அம்பேத்கர் தம் கடைசி ஆண்டில், 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போது, படித்து மேலே வந்தவர்கள் சமூகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று மனம் நொந்து பேசினார். அந்த வருத்தம் நமக்கும் சேர்த்துத்தான். முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் குடும்பத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது. ஒரு வீட்டில் ஒருவருக்கு அது கிடைத்துவிட்டால் அடுத்தவருக்குக் கிடையாது. நமக்குக் கணக்கு அப்படி இல்லை. ஒரு வீட்டில் முதல் பட்டதாரி பலமுறை ஒரு தெருவுக்கே முதல் பட்டதாரியாக இருந்திருக்கிறார். அந்தப் பட்டத்துக்கு 3,412 பேர் போட்ட கையெழுத்தும், 14இல் 2 என்ற கணக்கும், இரவில் எழுத்துக் கற்ற கல்லுடைக்கும் பெண்களின் உழைப்பும் மூலதனமாகப் போயிருக்கின்றன. ஆகவே அது தனிச் சொத்தாக முடியாது.

தோழர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காலனியில் முதன்முதலில் பட்டம் வாங்கியவர் யார், எந்த ஆண்டு, எந்தக் கல்லூரி, கட்டணம் யார் கட்டினார்கள், எந்த விடுதியில் தங்கினார், படிப்பை விட்டுவிடச் சொன்னது யார், விடாமல் பிடித்தது யார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் பெண் பட்டதாரியைத் தனியாக எழுதுங்கள். பாதியில் நின்றவர்களையும் எழுதுங்கள், அவர்கள் எந்தப் படியில் நிறுத்தப்பட்டார்கள் என்பதும் வரலாறுதான். ஆவுடையார்கோயிலிலிருந்து கந்தர்வகோட்டை வரை ஊருக்கு ஒரு நோட்டு சேர்ந்தால், நமக்கென்று ஒரு வரிகூட இல்லாமல் எழுதிய அந்தப் பழைய கணக்கின் பக்கத்தில் வைக்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும்.

ஜெய்பீம்.